நீலத்தோலின் கடைசிப் பன்னிரண்டு நிமிடம்

அஸ்தினாபுரத்தில் லோகநாயகி மிஸ்ஸின் காதில் விழும்படி யாரும் பேய்ப்படத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேசினால் தீர்ந்தது கதை. போன தீபாவளிக்கு மறுநாள் பக்கத்து வீட்டு ஸ்ரீவித்யா, "நேத்து ஒரு பேய்ப்படம் பாத்தோம் மிஸ், செம ஜாலியா இருந்துது" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பாவத்துக்கு, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து பாத்திரம் கருகும் வரைக்கும் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

"பேய்ப்படம் எப்படிம்மா ஜாலியா இருக்கும்? ஜாலியா இருந்தா அது பேய்ப்படமா? நாலு காமெடியன் பங்களாவுக்குள்ள போவான், கதவு தானா சாத்திக்கும், ஒருத்தன் மடியில இன்னொருத்தன் ஏறி உக்காருவான். இதுக்குப் பேரு பேய்ப்படமா? இந்த அபத்தத்துக்கு எந்தப் பேயாவது சம்மதிக்குமா?"

லோகநாயகிக்கு ஐம்பத்து மூன்று வயது. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷமாக இயற்பியல் எடுக்கிறாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'வோல்டேஜ்'. அது அவளுக்கும் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமைகூட உண்டு. அவளுக்குக் கோபம் வராத விஷயம் என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டோக்காரர் சில்லறை இல்லை என்றால் வரும், காலனிக் குழாயில் தண்ணீர் ஐந்து நிமிஷம் முன்னால் நின்றால் வரும். ஆனால் அந்தக் கோபமெல்லாம் சும்மா. அடி வயிற்றிலிருந்து வருகிற அசல் கோபத்தை அவள் சினிமாவுக்கென்றே எடுத்து வைத்திருந்தாள். அதிலும் பேய்ப்படத்துக்கும் விஞ்ஞானப் படத்துக்கும்.

அவளுடைய கட்சி இதுதான். தமிழில் பேய் என்றால் பெண். அதுவும் செத்துப்போன பெண். உயிரோடு இருக்கும்போது அவள் கோபப்பட்டால் ஒருத்தனும் படம் எடுக்க மாட்டான். நாலு தடியன்கள் சேர்ந்து கொன்றுபோட்டு, வெள்ளைப் புடவை சுற்றிவிட்ட பிறகுதான் கோபப்பட அவளுக்கு அனுமதி. அதற்கும் முக்கால் மணி நேரம் ஃப்ளாஷ்பேக் காட்டி, "ஐயோ பாவம், இவ கோபத்துல நியாயம் இருக்கு" என்று சான்றிதழ் வாங்க வேண்டும். இதை லோகநாயகி எழுதாத மாதம் கிடையாது. எழுதுகிற இடம் ஃபேஸ்புக்கில் அவள் நடத்துகிற 'பேயும் ராக்கெட்டும்' என்ற பக்கம். அதைத் தொடர்கிறவர்கள் இருநூற்றுப் பதினோரு பேர். அதில் பாதிப் பேர் திட்டு வாங்குவதற்காகவே வருகிறவர்கள்.

இயற்பியல் டீச்சர் ஆயிற்றே, ராக்கெட் படத்தில் ஒவ்வொரு தப்பாகக் கண்டுபிடிப்பாள் என்று நினைப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். வெற்றிடத்தில் வெடிச் சத்தம் கேட்கிறதா, கேட்டுவிட்டுப் போகட்டும். ராக்கெட்டைத் தெர்மகோலில் செய்திருக்கிறானா, பேஷாகச் செய்யட்டும். பார்க்க வந்தவன் கழுத்துக்கு மேலே இருப்பதும் தெர்மகோல்தான் என்று நினைத்து எடுக்கிறான் பாருங்கள், அங்கேதான் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். கோடி கோடியாகக் கொட்டி கிராபிக்ஸ் செய்தவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறாள். அதே கையால் நாலு கல்லூரிப் பையன்கள் வாடகைக் கேமராவில் எடுத்த ஒரு படத்துக்கு எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாள். அந்தப் படத்தில் கால இயந்திரம் ஒரு பழைய வெட் கிரைண்டர். கல் எதிர்ப்பக்கம் சுற்றச் சுற்ற, மாவு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப அரிசியாகிறது. அந்த ஒரு ஷாட்டுக்கு அந்தப் பையன்கள் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள்! இன்னொரு படத்தில் பேயே வராது. மொட்டைமாடிக் கொடியில் தினமும் ஒரு சட்டை கூடுதலாகக் காயும், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு லோகநாயகி மூன்று நாள் மொட்டைமாடிப் பக்கமே போகவில்லை. துணியெல்லாம் பால்கனியில் காய்ந்தது.

"வயசான காலத்துல எதுக்கு லோகா இந்தக் கண்றாவியெல்லாம்? ஒரு நல்ல கச்சேரி போட்டுக் கேளேன்" என்பார் தோத்தாத்ரி. அவள் கணவர். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இடி இடித்தால் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்துகொள்கிற சுபாவம்.

"ஏன்னா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா? கல்யாணம் ஆன புதுசுல ஒரு படம் பாதியிலேயே நிறுத்தினானே?"

"அய்யோ, அதை ஆரம்பிக்காதே. காபி கலந்துண்டு வரேன்" என்று அவர் எழுந்து போய்விடுவார்.

அதுதான் அவளுடைய கோபங்களுக்கெல்லாம் தாய்க்கோபம். தொண்ணூற்றெட்டாம் வருஷம், பல்லாவரம் பக்கம் ஒரு தியேட்டர், மதியக் காட்சி. படத்தின் பெயர் 'நீலத்தோல்'. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வானத்திலிருந்து ஒரு நீல உருவம் வந்து விழுகிறது. அது கேட்பதெல்லாம் தண்ணீர்தான். ஊரே கம்பை எடுத்துக்கொண்டு அதைத் துரத்துகிறது. ராக்கெட் அப்பட்டமான தகரம், வசனத்துக்கு வாய் ஒட்டவில்லை, நடிகர்கள் எல்லாரும் காய்கறி வாங்கும்போது எதிர்ப்படுகிற மாதிரி முகங்கள். ஆனாலும் அந்த நீல உருவம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, திறக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் ஓரமாக நின்றது பாருங்கள், இருபத்தாறு வயது லோகநாயகி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

இடைவேளை விட்டார்கள். விட்டார்கள், விட்டார்கள், விளக்கு அணைவதாகவே இல்லை. போய்க் கேட்டால் மேனேஜர் பல் குத்திக்கொண்டே சொன்னான்: "கூட்டம் இல்லம்மா. பொட்டி திரும்பிப் போயாச்சு. அடுத்த ஷோவுக்கு வேற படம்."

"மீதிப் படம்?"

"மீதியில இன்னா கீது? குண்டு போட்டு சாவடிப்பானுங்க, அவ்ளோதான். வூட்டுக்குப் போம்மா."

அரை மணி நேரம் சண்டை போட்டாள். தோத்தாத்ரி சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ போல நின்றுகொண்டிருந்தார். அந்த நீல உருவத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே லோகநாயகிக்கு இருபத்தேழு வருஷம் ஓடிப்போயிற்று. யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு படமே வரவில்லை என்றார்கள். அதற்கும் கோபம்.

போன ஜூன் மாதம் குளியலறைக் குழாய் உடைந்தது. பிளம்பர் கை காட்டிய ஹார்ட்வேர்ஸ் கடை அனகாபுத்தூரில், ஆற்றை ஒட்டிய சந்தில் இருந்தது. உள்ளே போய் நின்றவள் மேல் தட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு நீலத் தலை. கழுத்து வழியாக அதற்குள் பைப் வளைவுக்கு மாட்டும் எல்போக்களைப் போட்டு நிரப்பி வைத்திருந்தார்கள்.

"இது நீலத்தோல் தலைதானே?" என்றாள். குரல் கிறீச்சிட்டது.

கடைக்காரர் பைப் அறுத்துக்கொண்டிருந்த ரம்பத்தைக் கீழே வைத்தார். அறுபது வயது தாண்டியவர், பெயர் குப்புராஜ். ஊரிலேயே பழைய குடும்பம். வயல்கள் மனைகளாகி, மனைகளில் ஒன்று கடையாகி, அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஜெயா! ஏய் ஜெயா! சீக்கிரம் வா! ஒருத்தங்க பாத்துருக்காங்க!"

ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்த அவர் மனைவி ஜெயக்கொடி, லோகநாயகியை நம்பாமல் பார்த்தாள். "நெசமாவா? இன்னா பாத்த, சொல்லு?" என்று பரீட்சை வைத்தாள். லோகநாயகி கதவு தட்டும் காட்சியைச் சொன்னாள். ஜெயக்கொடி ஸ்டூலை இழுத்துப் போட்டு, "குந்தும்மா" என்றாள்.

நீலத்தோலை எடுத்தவர் குப்புராஜ்தான். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் தோல் பதனிடும் ஷெட்டுகள் இருந்தன. தோலைக் குரோம் உப்பில் ஊறப்போட்டால் ஈரத்தில் நீலமாக இருக்கும். கழித்துப்போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கி, கோணி ஊசியால் தைத்த உடைதான் அந்த வேற்றுக்கிரக உருவம். அதற்குள் இருக்க ஒரு ஸ்டன்ட் ஆளைப் பேசியிருந்தார். இரண்டாம் நாளே அவனுக்கு உடம்பெல்லாம் தடித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான்.

"அப்பாலிக்கா யாரு இருக்கா? நான்தான்" என்றாள் ஜெயக்கொடி. "இருவத்தோரு நாள்மா. உள்ள வெந்து பூட்டேன். நாத்தம் வேற. தோ பாரு, இன்னும் தழும்பு கீது." முழங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

"கடைசியில என்ன ஆகும் சார்?" என்று லோகநாயகி குப்புராஜைக் கேட்டாள். இருபத்தேழு வருஷக் கேள்வி.

அவர் கல்லாவிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். "பாருங்க மேடம். ஃபிலிம் பொட்டி வெள்ளத்துல போச்சு. அதுக்கு முன்னாடியே ஃப்ரெண்டு ஒருத்தன் சிடியில ஏத்திக் குடுத்தான், அதுலேர்ந்து எடுத்தது. ரெண்டே தியேட்டர்ல போட்டாங்க. ரெண்டுலயும் இடைவேளையோட தூக்கிட்டாங்க. கடைசி ரீல் பொட்டியிலேர்ந்து வெளியவே வரல. நல்லா இருக்குன்னு யாரும் சொல்ல வேணாம் மேடம். ஜனங்க உக்காந்து கடைசி வரைக்கும் பாத்தாப் போதும். ஒரே ஒரு தடவை."

அன்று மத்தியானமே சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துப் பார்த்தாள். கதைப்படி முடிவில் குண்டு வெடிக்க வேண்டியது. வெடி வைக்கக் காசில்லை. அதனால் குப்புராஜ் வேறு ஒன்று செய்திருந்தார். நீல உருவம் ஓடி ஓடி, ஒரு தோல் ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. கம்போடு ஊரே வாசலில் நிற்கிறது. அது மெதுவாகக் கையைத் தூக்கித் தன் தலையைக் கழற்றுகிறது. உள்ளே ஒரு பெண். வேர்த்து, தடித்து, கண் சிவந்த ஒரு சாதாரண ஊர்ப்பெண். அவள் எழுந்து பம்பை அடித்து, முகம் கழுவி, கை குவித்துத் தண்ணீர் குடிக்கிறாள். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. நின்றவர்களை நிமிர்ந்து பார்க்கிறாள். கம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தலையைக் கழற்றியதிலிருந்து முடிவு வரை பன்னிரண்டு நிமிஷம்.

லோகநாயகி மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் அழுதாள். அப்புறம் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதையா பெட்டிக்குள் பூட்டி வைத்தார்கள்? பல் குத்திக்கொண்டு நின்றானே, அவனா இதை முடிவு செய்தான்? ஜனங்களைக் கூட்டி உட்கார வைத்து இதைக் கடைசி வரை காட்டாமல் ஓய்வதில்லை என்று முடிவு கட்டினாள்.

காலனியில் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒரு ஹால் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே படம் போடுகிறவன் ஷ்யாம்சுந்தர், சங்கத்தின் இணைச் செயலாளர். பொத்தேரியில் இன்ஜினியரிங் படித்து, அங்கேயே நாலு வருஷம் ரூம் எடுத்துத் தங்கி, இப்போது ஐ.டி. கம்பெனியில் இருப்பவன். படத்தைப் பற்றிச் சொன்னதும் துள்ளிக் குதித்தான்.

"மிஸ், இது கோல்டு மிஸ்! டைரக்டரையே கூட்டிண்டு வாங்கோ, பொன்னாடை போத்திடலாம்!"

லோகநாயகிக்குத் தலைகால் புரியவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து எடுத்துக்கொண்டு அனகாபுத்தூர் போய், கல்யாணத்துக்கு அழைப்பது போல முறையாக இருவரையும் அழைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிறு காலை காலனி வாட்ஸப்பில் நோட்டீஸ் வந்தது. நீலத் தலையின் படத்துக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டிருந்தார்கள். 'மரண மொக்கை மாலை! நம்மூரு ஏலியனைப் பார்த்துச் சிரித்து வயிறு வலித்தால் சங்கம் பொறுப்பல்ல. லைவ் கமென்டரி உண்டு.'

குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு ஷ்யாம்சுந்தர் வீட்டுக்கு நடந்தாள்.

"என்னடா இது?"

"மிஸ், டென்ஷன் ஆகாதீங்க. இதுவும் ஒரு ரெஸ்பெக்ட்தான். கல்ட் படத்தையெல்லாம் உலகம் பூரா இப்படித்தான் பாக்கறாங்க. மொக்கைன்னு போட்டாதான் மிஸ் கூட்டம் வரும். 'நல்ல படம்'னு போட்டா நீங்களும் நானும்தான் உக்காந்திருப்போம்."

"ரெஸ்பெக்ட்டாம் ரெஸ்பெக்ட்! ஒருத்தன் உசிரைக் குடுத்து எடுத்திருக்கான். அவனைக் கூட்டிண்டு வந்து முன் வரிசையில உக்கார வெச்சு, முதுகுக்குப் பின்னாடி சிரிப்பீங்களா? வெக்கமா இல்ல? உங்களுக்கெல்லாம் எதையும் நேராப் பாத்து ரசிக்கத் துப்பு கிடையாது. தப்பா ஏதாவது ஆயிடுமோன்னு பயம். அதான் முதல்லயே சிரிச்சு வெச்சுக்கறீங்க."

அவன் தலையைச் சொறிந்தான். அவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்து குப்புராஜுக்குப் போன் போட்டாள். எடுத்தது ஜெயக்கொடி.

"அஞ்சு மணிக்குத்தானம்மா? நாங்க நாலுக்கே வந்துர்றோம். புதுப் பொடவ எடுத்துட்டேன். அந்த மூஞ்சி கழுவற சீனு பெரிசாத் தெரியும்ல?" அவள் குரலில் இருந்த சிரிப்பைக் கேட்டபின் லோகநாயகிக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. "தெரியும், வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். ஷ்யாம்சுந்தருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். இடைவேளை கூடாது, என்ன ஆனாலும் கடைசி வரைக்கும் ஓட வேண்டும். அவனும் "ப்ராமிஸ் மிஸ்" என்று பதில் போட்டான்.

கூட்டம் வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஹாலில் போட்ட தொண்ணூறு பிளாஸ்டிக் நாற்காலியும் நிரம்பி, சுவரோரம் நின்றார்கள். குப்புராஜுக்குப் பொன்னாடை போர்த்தி, "நம்ம லெஜண்ட்!" என்றான் ஷ்யாம்சுந்தர். பின்வரிசையில் விசில் பறந்தது. குப்புராஜ் எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். கணவனும் மனைவியும் முன் வரிசை நடுவில் உட்கார, லோகநாயகி சுவர் ஓரமாக, புரொஜெக்டர் பிளக் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தோத்தாத்ரி வரவில்லை. உனக்குக் கோபம் வரும், எனக்குப் படபடப்பு வரும் என்று சொல்லிவிட்டார்.

ராக்கெட் விழுந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள். "டேய், எங்க வீட்டு வாட்டர் டேங்க்டா!" என்று ஒருத்தன். மைக்கை வைத்துக்கொண்டு ஷ்யாம்சுந்தரின் கூட்டாளி ஒருவன் வசனத்துக்கு வசனம் பதில் பேசினான். நீல உருவம் தண்ணீர் கேட்டால், "மெட்ரோ வாட்டருக்கு புக் பண்ணுமா, பதினஞ்சு நாள்ல வரும்!" என்றான். ஹாலே குலுங்கியது. கதவு தட்டும் காட்சிக்கு, "ஸ்விக்கி!" என்று பத்துக் குரல் ஒன்றாகக் கத்தின. லோகநாயகிக்குக் காதுமடல் எரிந்தது. எழுந்து போய் அந்த மைக்கைப் பிடுங்கி அவன் தலையிலேயே ஒன்று போட்டால் என்ன என்று தோன்றியது. கடைசி வரை ஓட வேண்டும், கடைசி வரை ஓட வேண்டும் என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டு நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முன் வரிசையைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஜெயக்கொடி ஆணி அடித்தது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குப்புராஜின் தோள்கள் இரண்டும் குலுங்கின. பொன்னாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயோ, மனுஷன் அழுகிறாரே. எத்தனை பேர் முன்னாடி! தட்டு வைத்து அழைத்துவந்து இந்தக் கதிக்கு ஆளாக்கினது நான்தானே. 

நீல உருவம் தோல் ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்தது. வாசலில் கம்புகள் வந்து நின்றன. நீலக் கை மெதுவாகத் தலைக்குப் போயிற்று.

"ஹெல்மெட்டைக் கழட்டலாம்மா, ட்ராஃபிக் போலீஸ் போயாச்சு!"

ஹால் முழுக்க வெடிச்சிரிப்பு. சிலர் நாற்காலியைத் தட்டினார்கள். இந்தச் சிரிப்புக்கு நடுவே அந்த முகம் வரப்போகிறது, இவர்கள் அதையும் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள். அவ்வளவுதான் லோகநாயகிக்குத் தெரிந்தது. குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை வெறும் சுவராயிற்று. ஸ்விட்சுகளை எல்லாம் தட்டினாள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் தொண்ணூறு முகங்களும் சிரித்த வாயோடு அவளைப் பார்த்தன.

"சிரிங்க! ஏன் நிறுத்திட்டீங்க? சிரிங்க! என்ன தெரியும்னு சிரிக்கறீங்க? ஒரு பொம்பளை இருபத்தோரு நாள் ஈரத் தோலுக்குள்ள வெந்து செத்திருக்கா, உங்களுக்கு அது ஹெல்மெட்டா? உங்கள்ல ஒருத்தராவது ஒண்ணே ஒண்ணு, சொந்தமா, கையால செஞ்சிருக்கீங்களா? அடுத்தவன் செஞ்சதைப் பாத்து இளிக்கத் தெரியும். கோடி ரூபா போட்டு உங்களை முட்டாளாக்கினா வாயைப் பொத்திண்டு டிக்கெட் வாங்கிப் பாப்பீங்க. காசில்லாதவன் நேர்மையா எடுத்தா மொக்கை! இதோட முடிவைப் பாக்கற யோக்யதை உங்க யாருக்கும் கிடையாது. வெளிய போங்க! எழுந்து எல்லாரும் வெளிய போங்க!"

வகுப்பில் எவனாவது சிரித்தால் லோகநாயகி காரணம் கேட்பதில்லை. கதவைக் காட்டுவாள், போய்விட வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக இது நடக்கிறது. அந்த ஹாலில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், மீதியில் பாதி அவளிடம் படித்தவர்களின் அம்மா அப்பா. முதலில் எழுந்தவன் மூன்றாம் வரிசை பத்ரி. இன்று ஒரு வங்கியில் கிளை மேலாளர், இரண்டாயிரத்து நாலில் பிளஸ் டூ பி பிரிவு. தலையைக் குனிந்துகொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான். அவன் பின்னால் ஒவ்வொரு வரிசையாக எழுந்தார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மைக் வைத்திருந்தவன் அதை நாற்காலி மேல் வைத்துவிட்டு நழுவினான். ஷ்யாம்சுந்தர், "மிஸ், ப்ராமிஸ் வாங்கினது நீங்கதானே..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் போனான். மூன்று நிமிஷத்தில் ஹால் காலி.

லோகநாயகிக்கு மூச்சு வாங்கியது. ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. முன் வரிசைக்குப் போய், "மன்னிச்சுக்கோங்க சார். இவங்க உங்களை அழ வெச்சதை என்னால பாத்துண்டு இருக்க முடியல" என்றாள்.

"அழுதனா?" என்றார் குப்புராஜ். "யாரு மேடம் அழுதா? சிரிச்சுச் சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்தத் தகர டேங்க் நெசமாவே எங்க வூட்டு டேங்க்தான். கரெக்டாச் சொன்னான் பையன்."

அவர் பொன்னாடையை மடிக்க ஆரம்பித்தார். ஜெயக்கொடி இன்னும் எழுந்திருக்கவில்லை. வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மூஞ்சி வர்ற நேரம்மா அது" என்றாள்.

"தெரியும்மா. அதனாலதான். உங்க முகத்தைப் பாத்தும் சிரிச்சிருப்பாங்க..."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அவ்ளோ நேரம் சிரிச்சுகினாச்சும் குந்திகினு இருந்தாங்கல்ல? ஒருத்தன் எழுந்து போனானா? சுவத்துல சாஞ்சு நின்னுகினுகூட பாத்தாங்களே. அந்தப் பொண்ணு தலையைக் கழட்டினா வாய மூடிகினு பாத்திருப்பாங்களோ இன்னாவோ. பாக்க வுட்டியா நீ?"

"அவங்களுக்கு அதோட அருமை தெரியாதும்மா. நான் பார்த்தேன். மூணு தடவை பார்த்தேன். அதனாலதான் சொல்றேன்..."

ஜெயக்கொடி எழுந்தாள். புதுப்புடவையின் கொசுவத்தை ஒரு தட்டுத் தட்டி நேராக்கினாள்.

"நீ பாத்துட்ட. சரி. உன் ஒருத்திக்குக் காட்டவா நான் இருவத்தோரு நாள் அதுக்குள்ள வெந்தேன்?"

குப்புராஜ் "வா ஜெயா" என்று அவள் தோளைத் தொட்டார். இருவரும் நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார்கள். அப்போதுதான் லோகநாயகிக்குத் தான் செய்தது உறைத்தது. ஓடினாள். அவர்களையும் தாண்டி வாசலுக்கு ஓடினாள். தெருவில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள், கும்பல் கும்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"திரும்பி வாங்க! எல்லாரும் உள்ள வாங்க! பத்ரி! டேய் ஷ்யாம்! பன்னிரண்டு நிமிஷம்தான் இருக்கு, வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

மிஸ்ஸுக்கு இன்னும் கோபம் தணியவில்லை என்று நினைத்து, அவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள்.